காளையின் பெயர் தெரியும்... அது மேய்ந்த புல்லின் பெயர்?

போகியன்று காலை அலங்காநல்லூரில் இருந்தேன். ஜல்லிக்கட்டுக்கு இன்னும் மூன்றே நாள். டெஸ்க்கில் எனக்குக் கொடுத்திருந்த வேலை சுலபமானதுதான். வாடிவாசல் தயாராவதை ஒரு வீடியோ எடுக்க வேண்டும், காளை வளர்ப்பவர்கள் இரண்டு பேரிடம் பேச வேண்டும், சாயங்காலத்துக்குள் பக்கத்தில் ஏற்றிவிட வேண்டும்.

முதலில் பேசிய அண்ணன் தன் காளையைப் பற்றி இருபது நிமிஷம் நிறுத்தாமல் சொன்னார். அதன் தாய் யார் வீட்டு மாடு, எந்தக் கோயில் காளையின் வாரிசு, எத்தனை வாசல் பார்த்திருக்கிறது, பருத்திக்கொட்டை எவ்வளவு வைக்கிறார், நீச்சலுக்கு எப்போது கூட்டிப்போகிறார் என்று எல்லாமே விரல்நுனியில் இருந்தது. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "மேய்ச்சலுக்கு எங்கண்ணே விடுவீங்க? என்ன புல்லு திங்கும்?"

சட்டென்று பதில் வரவில்லை. "முன்னாடி கம்மாக்கரையில கொழுக்கட்டைப்புல்லு கெடக்கும்மா. எங்கய்யா சொல்வாரு, அதைத் தின்ன மாடு தனியாத் தெரியும்னு. இப்ப கரை பூராம் சீமைக்கருவேலம். புல்லுக்கு நான் எங்க போக? கட்டுத்தறியிலயே தீவனம்தான்."

அவரிடம் அந்தப் புல்லைக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் எங்கும் இல்லை.

கண்ணுப்பிள்ளை தெரியாதா தாயி?

பஸ் ஏறப் போகும் வழியில் ஒரு அப்பத்தா சாக்கை விரித்துக் காப்புக்கட்டுக் கொத்து விற்றுக்கொண்டிருந்தார். வேப்பிலை, மாவிலை, மஞ்சளாக ஆவாரம்பூ, அதோடு வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூ வைத்த ஒரு செடி. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு கேட்டேன், "இது என்ன பூ அப்பத்தா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு தாயி நீ? கண்ணுப்பிள்ளை தெரியாதா?"

நான் மதுரைக்காரி. எங்கள் வீட்டு நிலைவாசலில் வருஷா வருஷம் இதைத்தான் செருகுகிறோம். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அதன் பெயரைக் கேட்டதில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சமாளிப்பதற்காக, "எங்க பறிச்சீங்க?" என்று பேச்சை மாற்றினேன். "அதை ஏன் கேக்குற? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல வீட்டுக்குப் பின்னாடியே கெடக்கும். கையெட்டுற தூரத்துல பறிச்சுக்குவோம். விக்கிற சாமானா இது? இப்ப வெள்ளன எந்திரிச்சு மலையடிவாரத்துக்குப் போனாத்தான் கெடைக்குது. அதனாலதான் காசு."

அந்தக் கடைசி வரியைத்தான் ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலியோரத்தில் சும்மா கிடந்த செடி, ஒரு அப்பத்தாவின் ஆயுளுக்குள் சந்தைச் சரக்காகிவிட்டது. அது எப்போது நடந்தது என்று எந்தத் தேதியும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்தச் செடிக்குப் புத்தகத்தில் சிறுபீளை என்று பெயர். கொங்குப் பக்கம் பூளைப்பூ என்பார்கள். பொங்கப்பூ, கூரைப்பூ என்றும் பெயர் உண்டு. தாவரவியலில் ஏர்வா லனாட்டா. சிறுநீரகக் கல்லுக்குச் சித்த மருத்துவத்தில் பேர்போன மூலிகை. ஆவாரையும் அப்படித்தான். வறண்ட மண்ணிலும் பூக்கும், இலை, பூ, பட்டை என்று எல்லாம் பயன்படும், ஒரு காலத்தில் தோல் பதனிடவே இதன் பட்டையைத்தான் உரித்துக் கொண்டுபோனார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார் இல்லையா? அந்த வரிசையில் ஆவிரையும் இருக்கிறது, பூளையும் இருக்கிறது. அப்பத்தாவின் சாக்கில் கிடந்தது அவ்வளவு பழைய சொத்து.

நாட்டு மாடு வேண்டும் என்றோம்

2017 ஜனவரியை மறந்திருக்க மாட்டோம். அலங்காநல்லூரில் ஆரம்பித்து, தமுக்கம், மெரினா என்று பரவிய போராட்டம். 'நாட்டு மாட்டைக் காப்போம்' என்பதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த வார்த்தை. அந்த மாதமே சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று சொன்னது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் புலிக்குளம், காங்கேயம், உம்பளச்சேரி என்று நாட்டு இனங்களின் பெயரைச் சொல்லும்.

புலிக்குளம் மாடு மதுரை, சிவகங்கைச் சீமையின் மாடு. கிடை போட்டு, ஊர் ஊராக மேய்த்து வளர்த்த இனம். அந்த மாட்டைக் காப்பாற்றுவது என்றால் வாடிவாசலைக் காப்பாற்றுவது மட்டும்தானா? அது நடந்து மேய்ந்த கண்மாய்க்கரை, பொட்டல், மலையடிவாரம், அங்கே முளைத்த புல், புதர், மரம் எல்லாம் சேர்ந்ததுதானே நாட்டு மாடு?

கொழுக்கட்டைப்புல் மழை குறைந்தாலும் தாங்கி நிற்கும். குடைவேலம், வெள்வேலம் மரங்களின் நெற்று, கோடையில் புல் காய்ந்த பிறகு ஆட்டுக்குக் கிடைக்கும் நல்ல தீனி. உசிலை இலையை அரைத்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. உசிலம்பட்டிக்கே அந்த மரத்தால்தான் பெயர் வந்தது என்று சொல்வார்கள். விளாங்குடி, இலுப்பைக்குடி, புளியங்குளம் என்று மதுரையைச் சுற்றி இருக்கிற ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். மரங்களின் வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும். மதுரைக்கே கடம்பவனம் என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் கடம்ப மரத்தை அடையாளம் காட்டச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் காட்டுவோம்?

காகிதத்தில் 'தரிசு'

'பெயர் தெரியாட்டி என்ன, செடி அதுபாட்டுக்கு வளரும்' என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில், சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பொட்டலைச் சுத்தம் செய்தார்கள். நல்ல எண்ணம்தான், மரம் நடும் விழாவுக்காக. ஜேசிபி வந்து ஒரே நாளில் 'முட்புதரை' எல்லாம் வழித்து ஓரம் கட்டியது. அதில் ஆவாரை இருந்தது, சங்கஞ்செடி இருந்தது, ஆட்டுக்காரர்கள் நெற்று உலுக்கும் குடைவேலமும் இருந்தது. அந்த இடத்தில் வரிசையாக அழகுக்கன்றுகளை நட்டு, போட்டோ எடுத்து, பதிவு போட்டார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அடுத்த பொங்கலுக்கு அந்த ஊரில் ஆவாரம்பூவை விலைக்கு வாங்கினார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அங்கே என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைக்காததுதான் பிரச்னை. காகிதத்தில் அந்த இடம் 'தரிசு'. பெயரே எழுதாத இடத்தில் எதை அழித்தாலும் அழித்ததாகக் கணக்கில் வராது.

அழகர்மலையின் அந்தப் பக்கம்

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடித் தூரமாகப் போக வேண்டாம். அழகர்மலைக்கு மேற்கே அலங்காநல்லூர் என்றால், கிழக்கே மேலூர் பக்கம் அரிட்டாபட்டி.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது. ஏழு குன்றுகள், ஊற்றுகள், கண்மாய்கள், சுமார் 250 வகைப் பறவைகள், தமிழிக் கல்வெட்டு என்று என்னென்ன இருக்கிறது என்பதை ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் பல வருஷம் நடந்து நடந்து பார்த்துக் குறித்து வைத்ததன் பலன் அது.

இரண்டே வருஷத்தில் சோதனை வந்தது. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் சுரங்க உரிமை ஏலம் போன செய்தி வெளியானது. பாரம்பரியத் தலமும் அதற்குள் இருந்தது. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேறியது. அந்த மாதக் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுபடி ஆராயலாம் என்று டெல்லி சொன்னது. மக்கள் அதோடு விடவில்லை. 2025 ஜனவரி 7-ல் மேலூர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலமே ரத்தானது.

கவனித்தீர்களா? முதலில் விலக்கு பற்றிப் பேச்சு வந்தது எந்த நிலத்துக்கு? ஏற்கெனவே பட்டியல் எழுதி, பெயர் கொடுத்து, அரசிதழில் ஏறியிருந்த 193 ஹெக்டேருக்கு. பட்டியல் மட்டுமே ஊரைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவில்லை. காப்பாற்றியது மக்களின் கால்கள். ஆனால் அந்தக் கால்கள் நிற்பதற்கு ஓர் இடம் கொடுத்தது அந்தப் பட்டியல்.

அதே அழகர்மலைக்கு வடக்கே, நத்தம் பக்கம் காசம்பட்டி இருக்கிறது. வீரகோவிலைச் சுற்றிச் சுமார் 12 ஏக்கர் கோயில்காடு. சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காத காடு. 2025 மார்ச்சில் அது மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 12 ஏக்கருக்கே இந்த மரியாதை கிடைக்கிறது என்றால், நம் ஊர் மலையடிவாரம் என்ன குறைச்சல்?

ஊருக்கு ஊர் ஒரு குழு

இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்த விஷயம் இது. உள்ளூர்ச் செடிகொடிகளைப் படிக்க ஒரு சங்கம் வேண்டும் என்று புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை. சட்டப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு.

2002-ம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதற்கும் விலக்கில்லை. அந்தக் குழுவின் முக்கியமான வேலை, ஊர் மக்களைக் கலந்து பேசி 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' தயாரிப்பது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் உள்ளிட்டோர் 1990-களில் முயன்று பார்த்த யோசனைதான் இப்படிச் சட்டமானது.

அந்தப் பதிவேட்டின் படிவத்தைப் பார்த்தேன். ஒரு செடிக்கு உள்ளூர்ப் பெயர் என்ன, அறிவியல் பெயர் என்ன, எங்கே வளர்கிறது, எந்தப் பருவம், எதற்குப் பயன்படுகிறது, இதைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறார்கள். அதில் ஒரு கட்டத்தில் என் கண் நின்றுவிட்டது. உள்ளூர் நிலவரம்: 'முன்பு', 'இப்போது' என்று இரண்டு பத்திகள்.

'இப்போது' பத்தியை எந்த அதிகாரியும், எந்தக் கல்லூரி மாணவரும் வந்து நிரப்பிவிடலாம். 'முன்பு' பத்தியை நிரப்ப அந்த அப்பத்தா வேண்டும். "வீட்டுக்குப் பின்னாடியே கெடக்கும்" என்று அவர் சொன்ன வாக்கியம் அந்தக் கட்டத்துக்காகவே சொன்னது மாதிரி இருக்கிறது.

நடைமுறையில் என்ன நடந்தது? சட்டம் வந்து பல வருஷம் இந்த வேலை மெதுவாகத்தான் நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்து நெருக்கிய பிறகு, 2020-ஐ ஒட்டி நாடு முழுக்கப் பதிவேடுகள் வேகவேகமாகத் தயாராயின. அவசரமாகச் செய்ததில் பலவற்றின் தரம் பற்றி விமர்சனமும் வந்தது. மேசையில் உட்கார்ந்து நிரப்பினால் அப்படித்தான் ஆகும். ஆனால் பதிவேடு ஒரு முறை எழுதி மூடிவைக்கிற நோட்டு இல்லை. புதிய தகவல் வர வர, சேர்த்துக்கொண்டே போக வேண்டியது. அதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

அலமாரிக்குள் ஒரு காடு

இதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தை உருவாக்கினார் அருட்தந்தை கே.எம். மேத்யூ. காய்கறிச் சந்தைக்குப் போவதுபோலக் காட்டுக்குப் போய், ஒவ்வொரு செடியையும் பூவோடும் காயோடும் பறித்து, காகிதத்தில் அழுத்தி உலர்த்தி, எங்கே, எந்தத் தேதியில், எவ்வளவு உயரத்தில் கிடைத்தது என்று சீட்டு எழுதி ஒட்டி வைக்கிற வேலை. அப்படிச் சேர்த்ததை வைத்துத்தான் 1980-களில் தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றியும், 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றியும் பெரிய பெரிய தொகுதிகளை வெளியிட்டார். 2004-ல் அவர் மறைந்தார். அந்தச் சீட்டுகள் இருக்கின்றன. ஒரு மலைச்சரிவில் என்ன முளைத்திருந்தது என்று இன்னும் நூறு வருஷம் கழித்து ஒருவர் கேட்டாலும் சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது.

கொடைக்கானலில் 1985-ல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பு, அந்த மலைக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்துக் கொடுத்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஒரு தாவரத் தோட்டத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் 1965-ல் நாட்டுத் தாவரச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஒரு கட்டடமோ சாலையோ வருமுன் சூழல் ஆய்வு செய்கிறவர்கள், அந்தச் சங்கம் தொகுத்த அரிய தாவரப் பட்டியலை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆரம்பித்தவர்களில் எல்லாரும் விஞ்ஞானிகள் இல்லை. நடக்கத் தெரிந்தவர்கள், பெயர் கேட்கத் தெரிந்தவர்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கையில் போன் இருக்கிறது. அது போதும்.

முதலில் பத்தே பத்துச் செடி. உங்கள் தெருவிலோ, வயல் வரப்பிலோ, கண்மாய்க்கரையிலோ தானாக முளைத்தவை. தொட்டியில் வாங்கி வைத்தவை கணக்கில் இல்லை. இலை, பூ, காய், முழுச்செடி என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரியான தளங்களில் ஏற்றினால், தெரிந்தவர்கள் அறிவியல் பெயர் சொல்வார்கள்.

அடுத்ததுதான் முக்கியம். அந்தப் படத்தை வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் காட்டுங்கள். "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு? எதுக்கு வெச்சுக்குவீங்க? முன்னாடி எவ்வளவு கெடந்துச்சு?" என்று மூன்றே கேள்வி. லத்தீன் பெயரை ஆப் சொல்லிவிடும். கண்ணுப்பிள்ளை என்ற பெயரை அப்பத்தாதான் சொல்ல வேண்டும். சொல்வதைச் சொன்னபடியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். மருந்துக்குப் பயன்படும் என்று சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள், நீங்களாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு செடி இருக்கும்.

மூன்றாவது, உங்கள் ஊராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். "நம்ம ஊர் பல்லுயிர்ப் பதிவேட்டைப் பார்க்கலாமா? குழுவில் யார் யார் இருக்காங்க? இந்தப் பத்துச் செடி அதுல இருக்கா?" சண்டை போடவேண்டியதில்லை. இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் உங்கள் பட்டியலைக் கொடுத்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

இன்னொன்று: ஊரில் மரம் நடும் விழா வந்தால், நடுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு தடவை நடந்து பாருங்கள். ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு நட வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு குரல் போதும். சீமைக்கருவேலத்தை எடுக்கட்டும், பக்கத்தில் நிற்கிற குடைவேலத்தை விட்டுவிடட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஓர் ஆள் ஜேசிபி பக்கத்தில் நின்றால், அந்தப் பொட்டல் பிழைத்துக்கொள்ளும்.

என் பட்டியலை நான் தொடங்கிவிட்டேன். இப்படி இருக்கிறது முதல் வரி:

உள்ளூர்ப் பெயர்: கண்ணுப்பிள்ளை. வேறு பெயர்: சிறுபீளை, பூளைப்பூ, பொங்கப்பூ. பயன்: காப்புக்கட்டு, மருந்து. இடம்: அலங்காநல்லூர். முன்பு: வீட்டுக்குப் பின்னால், கையெட்டும் தூரம். இப்போது: மலையடிவாரம், வெள்ளன போனால் கிடைக்கும்.

இரண்டாவது வரியில் கொழுக்கட்டைப்புல் என்று எழுதியிருக்கிறேன். 'முன்பு' பத்தியில் கண்மாய்க்கரை. 'இப்போது' பத்தியை இன்னும் நிரப்பவில்லை. அந்தக் காளைக்கார அண்ணன், கரையின் மறுகோடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் போன் வருவதற்காகக் காத்திருக்கிறேன்.